சுகோப்ரோத்தில் மதில் முளைத்த குளிர்காலம்

சுகோப்ரோத் ஊரில் மதில் முளைக்கத் தொடங்கியது ஓர் அக்டோபர் மாதம், உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வாரத்தில். முதலில் பார்த்தவள் மவ்ரா. ஊர் மருத்துவ நிலையத்தில் இருபத்துமூன்று வருஷமாக நர்ஸாக இருப்பவள். காலையில் ஊசி போட வேண்டிய வீடுகளுக்குப் போகும்போது, ஊரைச் சுற்றிக் கிடக்கும் பழைய மண்மேட்டின் மேல் ஏறிக் குறுக்கே நடப்பது அவள் வழக்கம். அன்றைக்கு மேட்டின் புல்லைப் பிளந்துகொண்டு, ஒரு முழ உயரத்துக்கு, பட்டை உரிக்காத ஓக் மரக் கட்டைகள், நுனி கூராகச் சீவப்பட்டு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் புளித்த வாசனை வந்தது. நகராட்சி வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டி, ஊசி போடப் போய்விட்டாள்.

அந்த மண்மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் ஓர் இளவரசன், தன் சொந்த அண்ணனுக்குப் பயந்து, ஓல்ஷா ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேலே ஓக் மதில் எழுப்பி, உள்ளே ஒரு தேவாலயமும் ஒரு தானியக் களஞ்சியமும் கட்டினான். ஊர் பிறந்ததே ஒருவனுடைய பயத்தில்தான். எண்பத்தைந்து வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரியில், புல்வெளி தேசத்துக் குதிரைக்காரர்கள் உறைந்த ஆற்றையே பாதையாக்கி வந்தார்கள். மதிலுக்குள் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மேட்டுக்குக் கீழே, ஆற்றங்கரையில், போதோல் என்ற தெருவில் குடியிருந்த தோல் பதனிடுகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். கதவு திறக்கவில்லை. கீழே இருந்தவர்கள் முதல் நாள் செத்தார்கள். மேலே இருந்தவர்கள் ஆறாம் நாள், மதிலோடு சேர்ந்து எரிந்து செத்தார்கள்.

அதற்குப் பிறகும் ஊர் எழுந்தது. லித்துவேனியப் படை வந்தது, பிளேக் வந்தது, காலரா வந்தது, ஒவ்வொன்றுக்கும் மிஞ்சியவர்கள் மறுபடி கூரை போட்டார்கள். ஆளிநாரும் தோலும் விற்ற வியாபாரிகள் சந்தைத் திடலைச் சுற்றிக் கல்வீடு கட்டினார்கள். ரயில் பாதை பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போனது, அதோடு ஊரின் வளர்ச்சியும் நின்றது. பிறகு ஒரு காலத்தில் தேவாலய மணியை இறக்கி உருக்கினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ரகசியப் போலீஸின் கறுப்புக் கார் ஒன்பது முறை வந்து ஒன்பது பேரைக் கூட்டிப்போனது, ஒருவரும் திரும்பவில்லை. பிறகு யுத்தம். பிறகு கூட்டுப்பண்ணை, ஆளிநார் ஆலை, ஆலையின் பூட்டு. ஆயிரத்து அறுநூறு பேர் மேட்டுக்குள்ளேயும், நாற்பது வீடுகள் கீழே போதோலிலும் என்று ஊர் இளைத்துப்போயிருந்த சமயத்தில்தான் மதில் முளைத்தது.

ஒரு வாரத்தில் அது மார்பளவு வந்துவிட்டது. ஊர்த் தலைவி ரைஸா மத்வேயெவ்னா மாகாணத் தலைநகருக்குக் கடிதம் எழுதினாள். தொல்லியல் பகுதியில் அனுமதி இல்லாமல் கட்டக்கூடாது என்று பதில் வந்தது. கட்டவில்லை, வளர்கிறது என்று எழுதினாள். வளர்வது மரம், அதை வனத்துறையிடம் கேட்கவும் என்று பதில் வந்தது. வனத்துறை ஆள் ஒருவர் வந்து, அடியில் தோண்டிப் பார்த்து, வேர் இல்லை, ஆகவே இது மரமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரைஸா மத்வேயெவ்னா வீட்டில் காளான் ஊறுகாய் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குள் ஜனங்கள் மதிலோடு பழகிவிட்டார்கள். துணி காயப்போடக் கொடி கட்டினார்கள், மீன் கோத்துத் தொங்கவிட்டார்கள், ஆட்டைக் கட்டினார்கள், குடித்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நவம்பரில் நடந்த ஒரு கல்யாணத்தில் மணமக்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கத்தியால் அதில் பெயர் செதுக்கினால் மறுநாள் காலைக்குள் பட்டை மூடிக்கொண்டது, அதுமட்டும்தான் குறை. மதில் இரண்டாள் உயரம் ஆனபோது வடக்குக் காற்று நின்றுபோனது. விறகு மிச்சமாகிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம். மதியம் இரண்டு மணிக்கே வெயில் மறைந்துவிடுகிறதே என்று யாரோ சொன்னார்கள், குளிர்காலத்தில் எப்போதும் அப்படித்தானே என்று வேறு யாரோ சொன்னார்கள். செல்போனில் சிக்னல் போய்விட்டது. அதற்கும் பழகிவிட்டார்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மதில் முளைக்கவில்லை. சந்தைத் திடலிலிருந்து போதோலுக்கு இறங்கும் பாதையில், இரண்டு வண்டி போகிற அகலத்துக்கு, இடைவெளி விட்டிருந்தது. ஆற்றுக் குளிர் அந்த வழியாக உள்ளே வந்தது. ரைஸா மத்வேயெவ்னா மவ்ராவின் கணவன் ப்ரோகோரைக் கூப்பிட்டு ஒரு கதவு செய்யச் சொன்னாள். ப்ரோகோர் தச்சன். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன். மூடிக்கிடந்த ஆலையின் உத்தரங்களை அறுத்து, பத்து நாளில் இரட்டைக் கதவும் அதற்கு ஒரு குறுக்குக் கட்டையும் செய்து மாட்டினான்.

"குறுக்குக் கட்டை எதுக்கு?" என்று மவ்ரா கேட்டாள்.

"கதவுன்னா கட்டை வேணும்" என்றான்.

கட்டை மாட்டிய மறுநாள் மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குதிரைகள் வந்தன. ஊரே சூப்புக் குடிக்க உட்கார்ந்திருந்த நேரம். முதலில் மேஜைமேல் கரண்டிகள் லேசாக நடுங்கின. பிறகு மதிலுக்கு வெளியே, மேட்டின் அடிவாரத்தில், ஆயிரக்கணக்கான குளம்புகள் பனியை மிதித்துச் சுற்றிச் சுற்றி ஓடுகிற சத்தம். குதிரைகளின் இரைப்பு, தோல்வாரின் கிறீச்சல், யாருக்கும் புரியாத பாஷையில் அதட்டல், அப்புறம் போதோல் பக்கத்திலிருந்து ஜனங்கள் அலறுகிற சத்தம். கால் மணி நேரம் நீடித்துவிட்டு நின்றுபோனது. சூப்பு ஆறிவிட்டது. யாரும் யாரையும் என்ன சத்தம் என்று கேட்கவில்லை. அந்த ஊரில் அது என்னவென்று தெரியாதவர்கள் கிடையாது.

எல்லாருக்கும் குதிரைச் சத்தம்தான் கேட்டது என்று சொல்லிவிட முடியாது. பழைய தபால்காரர் யெவ்ஸேய்க்குத் தொண்ணூற்றுமூன்று வயது. முப்பத்தேழில் கறுப்புக் கார் கூட்டிப்போனவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். மவ்ரா ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டி உட்கார்ந்திருந்தார்.

"குதிரையா? எனக்குக் குதிரை கேக்கலம்மா. வெளியில ஒரு கார் நிக்குது. எஞ்சினை அணைக்காம நிக்குது" என்றார்.

அதிலிருந்து அந்தச் சத்தம் ஒவ்வொரு மதியமும் வந்தது. போதோல்காரர்கள் ரொட்டிக்கும் மருந்துக்கும் மேலே வந்துகொண்டிருந்தார்கள். முதலில் அவர்களைப் பதினொரு மணிக்குள் வந்துவிட்டுப் போய்விடச் சொன்னார்கள். அடுத்த வாரம், வருகிறவர்கள் பின்னாலேயே வேறு யாராவது நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அடுத்து, தினமும் அலறல் கேட்கிறதே, அப்புறம் எப்படிக் காலையில் இவர்கள் முழுசாக வருகிறார்கள், இவர்கள் உண்மையில் யார் என்று ஒருத்தி கடை வரிசையில் நின்று மெல்லக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு யாருக்கும் போதோல்காரர்களின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, கதவைச் சாத்திவிடுவதென்று கை தூக்கினார்கள். கதவைச் சாத்தி ப்ரோகோர் கட்டையைப் போட்டான். மறுநாளிலிருந்து வெளியே கதவை இடிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது. ஊரே தேவாலயத்துக்குள் போய் மண்டியிட்டது.

மவ்ராவின் அக்கா உல்யானா போதோலில் இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. கதவு சாத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பத்தாம் நாள் காலை மவ்ரா இன்சுலின் டப்பாவைக் கம்பளித் துணியில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கதவண்டை போனாள். ப்ரோகோர் கட்டைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்காகிட்ட மருந்து நேத்தோட தீர்ந்திருக்கும்" என்றாள்.

"தெரியும்."

"கதவைத் திற."

"மணி பதினொண்ணரை ஆயிடுச்சு, மவ்ரா."

"பன்னெண்டுக்குள்ள இறங்கிடுவேன்."

"இறங்கிடுவ. திரும்பி எப்படி வருவ?"

அவன் உதடு வெளுத்திருந்தது. முப்பது வருஷத்தில் அவனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்து, கட்டையைப் பாதி நகர்த்தினான். அவள் ஒருக்களித்து வெளியேறினாள். முதுகுக்குப் பின்னால் கட்டை பழைய இடத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

பாதை சரிவாக இறங்கியது. நேற்றுப் பெய்த பனி. அதில் ஒரு குளம்படிகூட இல்லை என்பதை அவள் பார்த்தாள், ஆனால் நின்று யோசிக்கப் பயந்து ஓடினாள். பாதிச் சரிவில் கால் வழுக்கி விழுந்தாள். பன்னிரண்டு மணி ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. டப்பாவை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பனியில் புதைத்து, காதைப் பொத்தி, குளம்புகள் முதுகில் ஏறுவதற்காகக் காத்துக் கிடந்தாள்.

ஒன்றும் ஏறவில்லை. கையைக் காதிலிருந்து எடுத்தாள். ஆற்றுப் பக்கம் ஒரு காக்கை கத்தியது. யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். அப்புறம்தான் கேட்டது. அது அவளுக்குப் பின்னாலிருந்து, மேலேயிருந்து, மதிலுக்கு உள்ளேயிருந்து வந்தது. சந்தைத் திடலின் கல் தளத்தில் குளம்புகள் இடித்தன. கூரைகள் பற்றி வெடித்தன. ஜனங்கள் ஓடினார்கள், விழுந்தார்கள். அத்தனை கூச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல் தனியாக எழுந்து, மவ்ரா, மவ்ரா என்று இரண்டு முறை கூப்பிட்டு, நடுவில் அறுந்துபோனது. ப்ரோகோரின் குரல். திரும்பிப் பார்த்தாள். மதிலுக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது. புகைபோக்கிகளிலிருந்து சமையல் புகை நேராக எழுந்துகொண்டிருந்தது.

அவளைத் தூக்கி நிறுத்தியது உல்யானாதான். கையில் கோடரியோடு சரிவில் ஏறி வந்திருந்தாள்.

"நீ உயிரோட இருக்கியா?" என்றாள். தங்கையின் கன்னத்தை, தோளை, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "உங்க எல்லாரையும் தினமும் வெட்டறாங்களே மவ்ரா. ஒரு மாசமா கேட்டுட்டிருக்கோம். கதவை உடைக்க எத்தனை தடவை வந்தோம் தெரியுமா? தட்டத் தட்ட உள்ள அலறல் ஜாஸ்தியாச்சு. நேத்து உங்களுக்கெல்லாம் காரியச் சாப்பாடு போட்டுட்டோம்."

மவ்ரா கோட்டைத் திறந்து டப்பாவை எடுத்து, அந்தச் சரிவிலேயே அக்காவுக்கு ஊசி போட்டாள்.

போதோலில் குதிரையே வரவில்லை. ஐஸைத் துளைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோழிகளுக்குத் தவிடு பிசைந்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் முகமும் மேலேயிருந்தவர்களின் முகத்தைப் போலவே ஒட்டிப்போயிருந்தது. போகாதே, அங்கே இருப்பவர்கள் மனிதர்கள் இல்லை என்று அவளிடம் சொன்னார்கள். மேலே, கடை வரிசையில், போதோல்காரர்களைப் பற்றி இதே பேச்சுதான் அவள் காதில் விழுந்திருந்தது. அதனால்தான் அவள் மறுநாள் மதியத்துக்குச் சற்று முன்னால் கிளம்பினாள். உல்யானாவும் கோடரியோடு கூடவே வந்தாள்.

கதவைத் தட்டியதும் உள்ளே பல பேர் கத்தினார்கள். பிறகு ப்ரோகோரின் குரல், மிக அருகில், பலகைக்கு அந்தப் பக்கம்.

"யாரு?"

"நான்தான்."

உள்ளே முக்காலி சரிந்து விழுந்தது.

"மவ்ரா நேத்து மதியம் செத்துட்டா. நான் இங்கேயே நின்னு கேட்டேன்" என்றான். "முழுக்கக் கேட்டேன்."

"நானும் கேட்டேன் ப்ரோகோர். நீ செத்ததை."

"அது இப்படித்தான் பேசும்னு சொன்னாங்க. அவ குரல்லயே பேசும்னு சொன்னாங்க."

அவள் நெற்றியைப் பலகையில் வைத்தாள். தான் மவ்ராதான் என்று எப்படி நிரூபிப்பது? பிறந்த தேதியைச் சொல்லலாம், கல்யாணத் தேதியைச் சொல்லலாம். செத்தவர்களுக்கும் அதெல்லாம் தெரிந்திருக்கும். பயத்துக்கு அடியிலிருந்து திடீரென்று அவளுக்குக் கோபம் வந்தது.

"நேத்து அடுப்புல முட்டைக்கோஸ் சூப்பு வச்சிட்டு வந்தேனே. இறக்கி வச்சியா?"

அவள் பலகையில் கையால் ஓங்கி அடித்தாள்.

"ப்ரோகோர், உன்னைத்தான் கேக்கறேன். இறக்கினியா இல்லையா?"

"இல்ல" என்றான் மெல்ல.

"கருகிடுச்சா?"

"கருகிடுச்சு."

"பாத்திரம்?"

"அடி ஓட்டையாயிடுச்சு, மவ்ரா."

"அது என் அம்மா குடுத்த பாத்திரம்டா, முட்டாள்! பொண்டாட்டி செத்துட்டான்னா அடுப்பை அணைக்கக் கூடாதா? வீடே எரிஞ்சிருக்குமே! உன்னோட முப்பது வருஷம்..." அவளால் அதற்கு மேல் திட்ட முடியவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் ப்ரோகோர் அழுகிறான் என்பது தெரிந்தது. கட்டை நகர்கிற சத்தம் கேட்டது.

கதவு ஓராள் அகலம் திறந்தது. ப்ரோகோருக்குப் பின்னால் ரைஸா மத்வேயெவ்னாவும் முப்பது நாற்பது பேரும் கடப்பாரையும் வைக்கோல்வாரியுமாக நின்றிருந்தார்கள். ரைஸா மத்வேயெவ்னாவின் கண்கள் மவ்ராவின் மேல் நிலைக்கவில்லை, அவளுக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சரிவையே பார்த்தன.

"சாத்து ப்ரோகோர். மணி ஆகப்போகுது. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், சாத்திடு. உள்ள குழந்தைங்க இருக்கு" என்றாள்.

"ரைஸா மத்வேயெவ்னா, வெளியில யாருமே இல்லீங்க. வந்து பாருங்க" என்றாள் மவ்ரா.

அப்போது பன்னிரண்டு ஆனது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். அவர்களுக்குச் சத்தம் சரிவிலிருந்து, மவ்ராவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, கதவை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. மவ்ராவுக்கோ அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், திடலிலிருந்து, கதவை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. ப்ரோகோர் நிலைப்படியில் நின்றான்.

"மவ்ரா, வந்துட்டாங்க. உன் பின்னாலேயே வந்துட்டாங்க" என்றான்.

அவள் கையை நீட்டினாள். அதற்கு மேல் நெருங்க அவளுக்கும் தைரியம் இல்லை. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தண்ணீரில் குதிப்பவனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் குதிரைகளுக்குள் காலை எடுத்து வைத்தான். நிலைப்படியைத் தாண்டிய நொடியில் அந்தச் சத்தம் அவன் முகத்துக்கு எதிரிலிருந்து அவனை ஊடுருவிக்கொண்டு போய் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அவன் கண்ணைத் திறந்தான். மனைவியும் மைத்துனியும் வெறும் பனியும் அவனுக்கு முன்னால் இருந்தன. திரும்பி, உள்ளே பின்வாங்கி நிற்கும் தன் ஊரைப் பார்த்தான். அவன் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். திசை மட்டும்தான் மாறியது.

மூன்று நாள் அந்தக் கதவு திறந்திருந்தது. முதல் நாள் பதினோரு பேர் வெளியே வந்தார்கள், மூன்றாம் நாள் முந்நூறு பேர். குழந்தைகளைக் கண்ணைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யெவ்ஸேயைப் ப்ரோகோர் முதுகில் சுமந்து வந்தான். நிலைப்படிக்கு வெளியே இறக்கிவிட்டதும் கிழவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"அட, எஞ்சின் உள்ளதான் ஓடிட்டிருக்கு!" என்றார். பிறகு, "அப்ப அத்தனை நாளும் நான் அதுக்குள்ளயேவா உக்காந்திருந்தேன்?" என்று கேட்டார்.

நாலாம் நாள் உள்ளே மிஞ்சியவர்கள் கதவைச் சாத்தினார்கள். வெளியே போனவர்களின் அலறல் தாங்கமுடியவில்லை என்று ரைஸா மத்வேயெவ்னா தன் சொந்த மகனிடமே சொன்னாளாம், அவன் வெளியே நின்று கூப்பிட்டபோது. ஒரு கட்டைக்கு இரண்டு கட்டை போட்டார்கள்.

பனி உருகியது. வெளியே வந்தவர்கள் போதோலில் தோளோடு தோள் இடித்துக் குடியிருக்கிறார்கள், புதுக் கூரைகள் எழுகின்றன, ப்ரோகோருக்கு வேலை ஓயவில்லை. மதிலின் உள்பக்கம் எத்தனை பேர் என்று சரியாகத் தெரியாது. மவ்ரா ஒவ்வொரு காலையும் மேலே ஏறிப் போகிறாள். உள்ளே அந்த நேரத்தில் செத்தவர்களுக்கான ஜெபம் நடக்கிறது. ரைஸா மத்வேயெவ்னா பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறாள். தன் பெயர் வருகிறவரை மவ்ரா காத்திருக்கிறாள். வந்தபிறகு பேசத் தொடங்குகிறாள்.

"ரைஸா மத்வேயெவ்னா, இது உங்க பிரஷர் மாத்திரை. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. வெறும் வயித்துல வேணாம்."

கதவுக்கு அடியில் விரல் போகிற அளவுக்கு ஒரு சந்து. மாத்திரை அட்டையை அதில் தள்ளிவிட்டு வந்துவிடுவாள். மறுநாள் போகும்போது அட்டை அங்கே இருக்காது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அட்டையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து அதை யாரோ இழுத்தார்கள். இழுத்த விரல்கள் அவள் விரல்களைத் தொட்டன. வெதுவெதுப்பாக இருந்தன. உள்ளே ஒரு பெண் வீறிட்டு அலறினாள். மவ்ராவுக்கும் எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. அந்த விரல்களும் போகவில்லை.